தபால் சதுரங்கமும் எவன்ஸ் கேம்பிட்டும்: முதல் ஆட்டம் தொடங்கும் முன் படிக்க

முதல் தபால் சதுரங்க ஆட்டத்தில் நேரம் முடிந்து தோற்றேன். இரண்டாவதில் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதித் தோற்றேன். மூன்றாவதில் எவன்ஸ் கேம்பிட் (ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்கும் தொடக்க முறை) போட்டு 16 நகர்த்தலில் ஜெயித்தேன். இடையில் என் ஆட்டத்திறன் ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. நோட்டுப் புத்தகமும் நாள்கணக்கும்தான் ஒழுங்காயின. அந்த ஒழுங்கை அடைய எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

தபால் சதுரங்கம் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் நடக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று அவகாசம் இருக்கும். அதற்குள் யோசித்து, புத்தகம் பார்த்து, பலகையில் காய் நகர்த்திப் பார்த்து, பதில் அனுப்பலாம். காய் நகர்த்தத் தெரியும், ஆனால் கடிகாரம் வைத்து ஆடினால் கை நடுங்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது.

1. எங்கே ஆடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இடத்துக்கு இடம் விதி வேறு. இதைத் தெரியாமல் நுழைந்தால் கணக்கே முடக்கப்படலாம்.

லிசெஸ், செஸ்.காம் என்கிற இரண்டு இணையத் தளங்களிலும் நாள்கணக்கு ஆட்டம் உண்டு. இரண்டிலும் எஞ்சின் (நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல்) உதவி கூடாது. ஆனால் திறப்பு (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) பற்றிய நூல்களும், பழைய ஆட்டங்களின் தொகுப்பும் பார்க்கலாம். நேரடி ஆட்டத்தில் இது மோசடி, இங்கே அனுமதி. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் எவன்ஸ் மாதிரி பழைய கேம்பிட்டுகளைப் படித்துக்கொண்டே ஆட முடிகிறது.

ஐசிசிஎஃப் என்கிற சர்வதேசத் தபால் சதுரங்கக் கூட்டமைப்பு 1951 முதல் இருக்கிறது. உலகப் பட்டம், தரவரிசை எல்லாம் அங்கேதான். ஆனால் அங்கே எஞ்சின் பயன்படுத்தலாம், எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துத் தாக்கலாம் என்று போனால், எதிராளியின் கணினி அந்தச் சிப்பாயை வாங்கிக்கொண்டு அமைதியாக ஆட்டத்தைச் சமன் செய்துவிடும். மேல்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிவதற்கு அதுதான் காரணம். புதியவர் கேம்பிட் ஆட வேண்டிய இடம் அது இல்லை என்பது என் கருத்து. ஓராண்டு கழித்துப் போங்கள்.

நிஜமான அஞ்சல் அட்டையில் ஆட ஆசையா? நண்பர் ஒருவர் கிடைத்தால் தாராளமாக ஆடலாம். அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

2. செலவு, ஆவணம்

லிசெஸ் முழுக்க இலவசம். லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது, விளம்பரமும் இல்லை. செஸ்.காமில் இலவசக் கணக்கே நாள்கணக்கு ஆட்டத்துக்குப் போதும். சந்தா கட்டச் சொல்லித் திரையில் வந்துகொண்டே இருக்கும், பொருட்படுத்த வேண்டாம். இரண்டுக்கும் மின்னஞ்சல் முகவரி தவிர வேறு எந்தச் சான்றும் தேவையில்லை.

ஐசிசிஎஃப் பக்கம் போகும்போது நடைமுறை மாறும். வழக்கமாக உங்கள் நாட்டு உறுப்புச் சங்கம் வழியாகச் சேர வேண்டும். போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணமும் வேறுபடும். பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள்: குழுவில் எத்தனை பேர், ஒரே சமயத்தில் எத்தனை ஆட்டம் ஓடும், பாதியில் விலகினால் என்ன தண்டனை. மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. ஏழு பேர் குழுவில் சேர்ந்தால் முதல் நாளே ஆறு ஆட்டம் உங்கள் தலையில் விழும். ஒத்துவராமல் நடுவில் விட்டுப் போனால் அடுத்த போட்டிகளில் சேர்க்கவும் தயங்குவார்கள்.

அஞ்சல் அட்டை ஆட்டத்துக்கு இந்தியாவுக்குள் அட்டை ஒன்று 50 காசு. நீங்கள் 40 நகர்த்தல் அனுப்பினால் 20 ரூபாய். பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும்.

கடைசியாக, உண்மையிலேயே காசு போட வேண்டிய இரண்டு பொருட்கள்: ஒரு சாதாரண நோட்டு, ஒரு மடக்குப் பலகை. திரையிலேயே எல்லாம் இருக்கிறதே, பலகை எதற்கு என்று நானும் கேட்டவன்தான். பதில் ஆறாம் படியில் வருகிறது.

3. நாள்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

என் முதல் ஆட்டம் போனது இங்கேதான். "நகர்த்தலுக்கு ஒரு நாள்" என்று தேர்ந்தெடுத்தேன். தினமும் ஒரு நகர்த்தல் போடத் தெரியாதா என்ற மிதப்பு. வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் இருந்து திரும்பும்போது ஆட்டம் முடிந்திருந்தது. அதுவும் ஜெயிக்கும் நிலையில்.

இரண்டு வகைக் கணக்கு உண்டு.

முதல் வகையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தனி அவகாசம். மூன்று நாள் என்றால் 72 மணி நேரம். நீங்கள் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டாலும் மிச்சம் சேராது, அடுத்த முறை மறுபடி அதே 72 மணி நேரம்தான். லிசெஸ், செஸ்.காம் இரண்டும் இப்படி.

இரண்டாவது வகையில் மொத்தமாக நாள் கொடுப்பார்கள். ஐசிசிஎஃப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு பத்து நகர்த்தலுக்கு 50 நாள். திறப்பில் வேகமாக ஆடினால் நாள் சேரும், நடு ஆட்டத்தில் சிக்கலான இடத்தில் பத்து நாள் உட்கார்ந்து யோசிக்கலாம். சேமிக்கத் தெரிந்தவருக்கு இது வரம். தெரியாதவர் கடைசி இரண்டு நகர்த்தலை ஒரே ராத்திரியில் போட வேண்டிவரும்.

புதியவருக்கு என் பரிந்துரை முதல் வகையில் மூன்று நாள், முடிந்தால் ஐந்து. ஒரு நாள் வேண்டவே வேண்டாம். 14 நாளும் வேண்டாம். அதில் ஆட்டம் ஒரு வருடத்தைத் தாண்டும், என்ன யோசித்தோம் என்பதே மறந்துபோகும். வரம்பில்லாத அவகாசம் என்று ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். தோற்கும் நிலை வந்ததும் எதிராளி காணாமல் போய்விடுவார்.

விடுப்பு வசதி செஸ்.காமில் உண்டு, லிசெஸ்ஸில் இல்லை. ஊருக்குப் போகும் நாள், பரீட்சை, பண்டிகை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். நினைவூட்டல் மின்னஞ்சல் வரும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் எத்தனை? முதலில் இரண்டு. ஆர்வத்தில் பத்துப் பதினைந்து தொடங்குவது எல்லோரும் செய்யும் தப்பு. தொடக்கத்தில் எல்லாம் தெரிந்த நகர்த்தல்கள், சுலபமாகப் போகும். மூன்று வாரம் கழித்து எல்லா ஆட்டமும் ஒரே சமயத்தில் சிக்கலாகும்.

4. எண் குறியீட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்

தபால் சதுரங்கத்துக்கென்றே ஒரு குறியீடு உண்டு. எந்த மொழிக்காரருக்கும் பொதுவானது, எழுத்தே கிடையாது. நோட்டில் நான் இதில்தான் எழுதுகிறேன், இந்தக் கட்டுரையிலும் இதையே பயன்படுத்துகிறேன். ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் 1 முதல் 8. உங்களிடமிருந்து மேலே போகப் போகக் குறுக்கு வரிசைகள் 1 முதல் 8. நெடுவரிசை எண் முதலில், குறுக்கு வரிசை எண் அடுத்து. வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் 51. கறுப்பு ராஜா நிற்பது 58. கறுப்பாக ஆடினாலும் எண்கள் மாறாது.

ஒரு நகர்த்தல் என்பது கிளம்பிய கட்டமும் சேர்ந்த கட்டமும். ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. வெட்டினாலும் இதேதான், தனிக் குறி இல்லை. கோட்டை கட்டும்போது ராஜாவின் நகர்வை மட்டும் எழுதினால் போதும்: ராஜா பக்கத்தில் வெள்ளை கட்டினால் 5171. சிப்பாய் கடைசி வரிசை தொட்டால் ஐந்தாவது எண் ஒன்று சேரும்: ராணிக்கு 1, யானைக்கு 2, பிஷப்புக்கு 3, குதிரைக்கு 4.

எச்சரிக்கை. நண்பரோடு மின்னஞ்சலில் ஆடிய என் இரண்டாவது ஆட்டத்தில் பிஷப்பை வெளியே கொண்டுவர 6134 என்று எழுத வேண்டும். 6143 என்று எழுதி அனுப்பிவிட்டேன். விதிப்படி அதுவும் செல்லுபடியாகும் நகர்த்தல். பிஷப் என் சொந்தச் சிப்பாய்க்கு முன்னால் போய் நின்று, அந்தப் பக்கமே அடைத்துக்கொண்டது. அனுப்பிய நகர்த்தலைத் திரும்பப் பெற முடியாது, நண்பரும் விட்டுக்கொடுக்கவில்லை. (விட்டுக்கொடுக்காததுதான் சரி.) அதன் பிறகு நகர்த்தலை எழுதியதும் அந்த நான்கு எண்ணை மட்டும் வைத்துப் பலகையில் காயை நகர்த்திப் பார்த்துவிட்டே அனுப்புகிறேன். இணையத் தளத்தில் ஆடுபவர்கள் "நகர்த்தலை உறுதிசெய்" என்கிற அமைப்பை இயக்கி வையுங்கள். விரல் தவறித் தொட்டதுக்கெல்லாம் அதுதான் காப்பு.

அஞ்சல் அட்டையிலோ மின்னஞ்சலிலோ ஆடினால் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை: நகர்த்தல் எண், எதிராளியின் கடைசி நகர்த்தலை அப்படியே திருப்பி, உங்கள் பதில், அவர் அட்டை உங்களுக்குக் கிடைத்த தேதி, நீங்கள் அனுப்பும் தேதி, இதுவரை செலவான நாள். எதிராளியின் நகர்த்தலைத் திருப்பி எழுதுவதை வீண்வேலை என்று விட்டுவிடாதீர்கள். இருவர் பலகையும் வேறு வேறு நிலையில் இருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

5. எவன்ஸ் நிலை வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்

எவன்ஸ் கேம்பிட் இதுதான்:

1. 5254 5755
2. 7163 2836
3. 6134 6835
4. 2224

நான்காவது நகர்த்தலில் வெள்ளை தன் 24 சிப்பாயைக் கறுப்பு பிஷப்பின் வாயில் வைக்கிறது. கறுப்பு தின்றால் 3524. வெள்ளை 5. 3233 என்று அதே பிஷப்பைத் துரத்துகிறது, அடுத்து 4244 என்று நடுவைப் பிடிக்கிறது. ஒரு சிப்பாய்க்கு விலையாகக் கிடைப்பது இரண்டு நகர்த்தல் வேகமும், திறந்த நடுப்பகுதியும், கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் 67 கட்டத்தின் மேல் அழுத்தமும்.

ஏன் எவன்ஸ்? நான் முதலில் ராஜா கேம்பிட்தான் ஆட நினைத்தேன். அதில் சொந்த ராஜாவைக் காக்கும் சிப்பாயே போய்விடுகிறது, மூன்று நாள் யோசிக்கும் எதிராளி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். டேனிஷ் கேம்பிட்டில் இரண்டு சிப்பாய் கொடுக்க வேண்டும், கறுப்பு ஒன்றைத் திருப்பிக் கொடுத்துச் சமன் செய்யும் வழி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எவன்ஸில் கொடுப்பது ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்று. தாக்குதல் பிசகினாலும் உடனே மூழ்க மாட்டீர்கள்.

சிக்கல் என்னவென்றால், நீங்கள் ஆசைப்பட்டால் மட்டும் எவன்ஸ் வராது. மூன்றாவது நகர்த்தலில் கறுப்பு 6835க்குப் பதில் 7866 என்று குதிரையை எடுத்தால் கதை முடிந்தது, வேறு திறப்பு. முதல் நகர்த்தலிலேயே 3735 என்று சிசிலியன் ஆடுபவர்கள் எத்தனையோ பேர். இதைக் கணக்கில் எடுக்காமல் எவன்ஸ் மட்டும் படித்துவிட்டுப் போனால் ஐந்து ஆட்டத்தில் ஒன்றில்கூட அது வராமல் போகலாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, நண்பருக்குச் சவால் அனுப்பும்போது லிசெஸ்ஸில் "நிலையிலிருந்து தொடங்கு" என்று எவன்ஸ் நிலையை வைத்தே ஆரம்பிக்கலாம். தரவரிசைப் புள்ளி சேராது, பழகுவதற்குப் போதும். இரண்டு, குறிப்பிட்ட திறப்புக்கான போட்டிகளில் சேரலாம். ஐசிசிஎஃப்பும் அத்தகைய போட்டிகளை நடத்துகிறது.

கறுப்பு சிப்பாயைத் தின்னாமல் 4... 3526 என்று பின்வாங்கினால் பதற வேண்டாம். 5. 1214 என்று ராணிப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு ஆடுங்கள்.

6. நோட்டு, தொகுப்பு, பலகை

நோட்டில் ஒரு ஆட்டத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று விஷயம்: தேதி, யோசித்த மாற்று வழிகள், ஏன் இதைத் தேர்ந்தேன் என்று ஒரு வரி. ஆறு நாள் கழித்துத் திரும்பி வரும்போது அந்த ஒரு வரிதான் காப்பாற்றும். எழுதாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும், ஏற்கெனவே தப்பு என்று கண்டுபிடித்த நகர்த்தலையே மறுபடி தேர்ந்தெடுப்பீர்கள். எனக்கு நடந்திருக்கிறது.

பழைய ஆட்டங்களுக்கு லிசெஸ்ஸின் திறப்புத் தொகுப்பு போதும். அதில் மாஸ்டர்கள் ஆடிய ஆட்டங்கள் தனி, அந்தத் தளத்தில் பொதுமக்கள் ஆடியவை தனி. இரண்டாவதைப் பார்க்கும்போது ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டங்களை வடிகட்டி எடுத்துவிடுங்கள். அவசரத்தில் எதிராளி தடுமாறியதால் வென்ற நகர்த்தல், மூன்று நாள் யோசிப்பவரிடம் செல்லாது. விழுக்காட்டை மட்டும் பார்த்து நகர்த்தாதீர்கள். அந்த ஆட்டத்தைத் திறந்து கடைசிவரை பாருங்கள். வெள்ளை ஜெயித்தது திறப்பினாலா, 40ஆவது நகர்த்தலில் கறுப்பு யானையைத் தொலைத்ததாலா என்று அப்போதுதான் தெரியும்.

எவன்ஸுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு ஆட்டம் 1995இல் ரிகாவில் காஸ்பரோவ் ஆனந்துக்கு எதிராக ஆடியது. ஆனந்த் ஐந்தாவது நகர்த்தலில் பிஷப்பை 2457 என்று வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். 6. 4244 3615 7. 3452 5544. இங்கே காஸ்பரோவ் சிப்பாயால் எடுக்காமல் 8. 4144 என்று ராணியால் எடுத்தார். 25 நகர்த்தலில் ஆனந்த் ஒப்புக்கொண்டார். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரரிடமே இந்தப் பழைய கேம்பிட் செல்லுபடியாகியிருக்கிறது என்பதால் மட்டும் சொல்லவில்லை. பாதுகாப்பாக 2457 ஆடும் எதிராளிகள் உங்களுக்கும் வருவார்கள், அப்போது என்ன செய்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பலகை எதற்கு என்றால், திரையில் பார்க்கும்போது எப்போதும் நம் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். மடக்குப் பலகையை மேசையில் வைத்துவிட்டு எதிர்நாற்காலியில் போய் உட்காருங்கள். கீழே வரும் ஆட்டத்தில் 12ஆவது நகர்த்தலுக்குப் பிறகு எதிராளி வைத்திருந்த பொறியை நான் கண்டது அந்த நாற்காலியிலிருந்துதான்.

7. எஞ்சின் விஷயத்தில் வழுக்கும் இடங்கள்

வேண்டுமென்று ஏமாற்றுபவர்களுக்கு இது இல்லை. தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களுக்கு.

ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தைத் தனிப் பலகையில் போட்டுப் பார்க்கலாம், எஞ்சின் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். சில செயலிகளில் பலகையைத் திறந்தாலே எஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும். ஆட்டம் தொடங்கும் முன்பே அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று நுட்பமானது. இரண்டு ஆட்டத்தில் ஒரே எவன்ஸ் வரிசை ஓடுகிறது. ஒன்று முடிந்துவிட்டது. முடிந்த ஆட்டம்தானே என்று அதை எஞ்சினில் அலசுகிறீர்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மற்றதும் அதே நிலையில் நிற்கிறது. இது எஞ்சின் உதவியேதான். இரண்டும் முடியும்வரை காத்திருங்கள். அதுபோல ஓடும் ஆட்டத்தை நண்பரிடம் காட்டி "இங்கே என்ன ஆடலாம்" என்று கேட்பதும் கூடாது.

8. நிபந்தனை நகர்த்தல்கள்

எதிராளி இப்படி ஆடினால் நான் இப்படி, அதற்கு அவர் அப்படி என்றால் நான் அப்படி என்று முன்கூட்டியே பதிவு செய்துவைக்கும் வசதி. நாள்கள் மிச்சமாகும். ஆட்டத்தின் வேகமே மாறிவிடும்.

குறிப்பிட்ட நகர்த்தலுக்கு மட்டுமே பதில் வையுங்கள். அஞ்சல் அட்டையில் சிலர் "நீ எது ஆடினாலும் என் பதில் இது" என்று எழுதுவார்கள். கறுப்பு 7776 எழுதி, "எது ஆடினாலும் அடுத்து 6877" என்று சேர்த்து எழுதுகிறார் என்று வையுங்கள். வெள்ளை ஏற்கெனவே 4244 ஆடியிருக்கிறது. இப்போது 3186 என்று பிஷப்பைக் கொண்டுபோய் வைத்தால், கறுப்பு தானாகவே 6877 என்று தன் பிஷப்பை அதன் வாயில் கொண்டுபோய்த் தரும். வெள்ளை 8677 என்று எடுத்துக்கொண்டு யானையையும் மிரட்டும்.

இன்னொரு பொறி: நீங்கள் போட்ட நிபந்தனை வரிசையில் ஒரு நகர்த்தல் பிசகினாலும் வரிசை அங்கேயே நிற்கும். நீங்களோ அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மூன்று நாள் பார்க்காமல் இருப்பீர்கள். நிபந்தனை வைத்தாலும் தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

9. ஆட்டம்: வெள்ளையாக நான்

நகர்த்தலுக்கு மூன்று நாள். எதிராளி என்னைவிடக் கொஞ்சம் மேலான புள்ளிக்காரர். மொத்தம் 58 நாள் ஓடியது.

1. 5254 5755
2. 7163 2836
3. 6134 6835
4. 2224 3524
5. 3233 2415
6. 4244 4746
7. 4123

இதுவரை இரண்டு பேருமே தொகுப்பைப் பார்த்துத்தான் ஆடினோம், பத்து நாள்கூட ஆகவில்லை. என் ராணி 23இல் நின்று, பிஷப்போடு சேர்ந்து 67ஐக் குறிவைக்கிறது. இங்கே கறுப்பு ராணியை வைக்க வேண்டிய இடம் 47. பார்க்க அசிங்கமாக இருக்கும், தன் பிஷப்பின் வழியையே அடைக்கும், ஆனால் அதுதான் சரி. எதிராளிக்கு அந்த அசிங்கம் பிடிக்கவில்லை.

7... 4857

இயல்பான நகர்த்தல். 67ஐக் காக்கிறது, காய்களும் அடைபடவில்லை. ஆனால் 58 ராஜாவுக்கும் 14 கட்டத்துக்கும் இடையே உள்ள மூலைவிட்டத்தைப் பாருங்கள். 36இல் குதிரை மட்டும்தான் மறைப்பு. ஓரத்தில் 15இல் கறுப்பு பிஷப் அந்தக் குதிரையைத் தவிர வேறு துணையில்லாமல் நிற்கிறது. குதிரையைத் துரத்தினால் செக்கும் பிஷப்பும் ஒரே நகர்த்தலில் கிடைக்கும். ராணி 47இல் இருந்திருந்தால் அந்த மூலைவிட்டம் அடைபட்டிருக்கும், அந்த அசிங்கமான நகர்த்தலின் அர்த்தமே அதுதான்.

8. 4445 என்று குதிரையை மிரட்டினேன். கூடவே நிபந்தனை வைத்தேன்: 3644 வந்தால் 6344, 5544 வந்தால் 2314. குதிரை வேறு எங்கே போனாலும் 2314 செக் பிஷப்பைத் தூக்கிவிடும், அவற்றுக்குத் தனித்தனி வரி. மறுநாள் காலை பார்த்தால் மூன்று நகர்த்தல் ஓடி முடிந்திருந்தது.

8... 3644
9. 6344 5544
10. 2314 3847
11. 1415 5754

ஒரு பிஷப் லாபம். ஆனால் கறுப்பு ராணி நடுச்சிப்பாயை எடுத்துக்கொண்டு எனக்கு செக் கொடுத்து நிற்கிறது. கேம்பிட் ஆடுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த மாதிரி இடத்தில்தான். காய் கிடைத்துவிட்டது, இனி சும்மா ஆடினாலே போதும் என்று தோன்றும். முழு மூன்று நாளையும் இந்த ஒரு நகர்த்தலுக்குச் செலவிட்டேன்.

பிஷப்பை 3452 என்று குறுக்கே வைத்தால் 4443 என்று சிப்பாய் வந்து, கட்டுண்டு நிற்கும் பிஷப்பைப் பிடிக்கும். ராஜாவை 5141 என்று நகர்த்தினால் 4774 செக். அதை 6263 என்று மறைத்தால் 7463 7263 5463, செக்கோடு என் 81 யானையும் போகும். மிச்சம் 12. 5161.

அனுப்பும் முன் எதிர்நாற்காலிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் 4783 தெரிந்தது. பிஷப்பைச் சும்மா கொண்டுவந்து 83இல் வைக்கிறது. நான் ஆசைப்பட்டு 7283 என்று எடுத்தால் 5481 செக், யானை அவுட். எடுக்காமல் விட்டாலும் 72இல் தாக்குதல். மருந்து 13. 6263: ராணியையும் மிரட்டும், மூலைவிட்டத்தையும் அடைக்கும். அதை நோட்டில் எழுதிவிட்டு 5161ஐ அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து 4783 வந்தது.

12. 5161 4783
13. 6263 5465
14. 6162

இங்கேயும் அவசரப்பட்டு 7283 என்று எடுத்திருந்தால் 6563 செக்கில் யானை போயிருக்கும். ராஜாவை 62க்கு ஏற்றியதால் 63 சிப்பாய்க்குக் காவல் கிடைத்தது, இப்போது 83 பிஷப்தான் மாட்டிக்கொண்டது.

14... 6532
15. 3452 8347
16. 3344

ஒரு பிஷப் மேலே, ஒரு சிப்பாய் மட்டும் கீழே. 31இல் உள்ள பிஷப்பை ராணி தொட்டால் 81 யானை எடுத்துவிடும். எதிராளி நான்கு மணி நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு, "47இல் வைத்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதினார். பண்பானவர்.

10. ஜெயிக்கும் நிலையில் செய்யக் கூடாதவை

எல்லோரும் அவரைப் போல இருக்க மாட்டார்கள். தோற்கும் நிலையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முழு அவகாசத்தையும் எடுத்து இழுப்பவர்கள் உண்டு. விதிப்படி அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது, அரட்டைப் பெட்டியில் சண்டை போடாதீர்கள். நிபந்தனை நகர்த்தல்களைப் போட்டுவிட்டு வேறு ஆட்டத்தைக் கவனியுங்கள். நான் பார்த்தவரை இழுத்தடிப்பின் உண்மையான ஆபத்து வேறு: பத்து நாளாக ஒன்றும் நடக்காத ஆட்டத்தில் உங்கள் கவனம் போய்விடும், பதில் வந்ததும் பழைய நினைப்பில் ஒரு நொடியில் நகர்த்திவிடுவீர்கள். நோட்டைத் திறக்காமல் நகர்த்தாதீர்கள்.

டிரா கேட்டு வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். அவகாசம் இருக்கிறது. நிலையைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு எஞ்சினைத் திறந்து முழுவதையும் அலசுங்கள், அந்த வரிசை ஓடும் வேறு ஆட்டம் கையில் இல்லாவிட்டால். பிஜிஎன் கோப்பாக (சதுரங்க ஆட்டங்களைச் சேமிக்கும் கோப்பு வகை) தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கிட் போன்ற இலவச மென்பொருளில் உங்களுக்கென ஒரு எவன்ஸ் தொகுப்பு சேரும். என் நோட்டில் 7... 4857க்கு எதிரே சிவப்பு மையில் 4445 என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பக்கம் 2457க்கு, இன்னும் பாதி காலியாகத்தான் இருக்கிறது.